தங்கத்தின் உருவம்

சார்லஸ் கிரைட்டனின் ‘த லாவெண்டர் ஹில் மாப்’ (1951) படத்தை இதமான ஹாஸ்யம் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தங்கக் கட்டிகளை வேனில் கூடவே இருந்து வங்கிக்குக் கொண்டுசேர்க்கும் குமாஸ்தா ஹாலந்து (அலெக் கின்னஸ்). பின்னால் ஒரு கார் வந்தாலே சந்தேகப்படுகிறவர். இந்த ஜாக்கிரதைதான் அவருடைய முகமூடி. மேலதிகாரிகள் அவரை நம்புவது மதிப்பினால் அல்ல. அவரை ஒருபோதும் கவனித்துப் பார்க்காததால். வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கிற எனக்கு இந்த நம்பிக்கையிலுள்ள அவமானம் தெரியும்.

திருடிய பத்து லட்சம் பவுன் தங்கம், மலிவான ஈஃபில் கோபுர பொம்மைகளாக உருக்கி வார்க்கப்பட்டுப் பாரீஸுக்குப் போகிறது. அற்ப உருவத்தில் இருப்பதாலேயே அது யார் கண்ணிலும் படுவதில்லை, ஹாலந்தைப் போல. டி. இ. பி. கிளார்க்கின் திரைக்கதை இந்த ஒப்புமையை எங்கும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கதை முழுவதையும் ரியோவில் ஒரு ஓட்டல் மேஜையில் உட்கார்ந்து ஹாலந்தே சொல்கிறார். முடிவில் எழுந்திருக்கும்போதுதான், கேட்டுக்கொண்டிருந்தவரோடு அவர் கை விலங்கால் பிணைக்கப்பட்டிருப்பது தெரிகிறது. குற்றத்துக்குத் தண்டனை என்ற சம்பிரதாயம் இதில் திருப்தியடைந்துவிடுகிறது. என்னை உறுத்துவது வேறு: அந்த மனிதர் சொல்வதைக் கடைசிவரை ஒருவர் கவனித்துக் கேட்பதற்கு அவர் கைதாக வேண்டியிருந்தது.