ஒத்திகையும் ஆய்வுப் பொருளே

மலேசியத் தமிழ் நாடக ஆய்வு பெரும்பாலும் பனுவலையே நாடுகிறது. ஈப்போவில் தமிழர் செறிந்து வாழும் புந்தோங் போன்ற இடங்களில், ஆலய, பள்ளி விழாக்களில் நிகழும் பல்சுவைக் கலைநிகழ்ச்சிகளுக்கு அதில் இடமில்லை. திரைப்பாட்டுக்கு ஆடுவதைக் கலையென ஏற்க நாம் தயங்குகிறோம். இத்தயக்கம் நாடக வரலாற்றோடு பொருந்தவில்லை. மலாயாவின் பங்சவான் அரங்கிலும் காட்சிகளுக்கு இடையே கதைக்குத் தொடர்பற்ற ஆடலும் பாடலும் இடம்பெற்றன. அதனால் அது நாடகமல்ல என்று எவரும் கூறுவதில்லை.

குறை வேறிடத்தில் உள்ளது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918இல் மதுரையில் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில், ஆடிய சிறுவரே பாடினர். பாடலும் வசனமும் மனனமாயின. அங்குப் பயின்ற தி. க. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ இப்பயிற்சிக்குச் சான்றாகும். அரங்கேற்றங்களைவிட அந்நூலில் பயிற்சிக்காலமே நம்மை ஈர்க்கிறது என்பது என் கருத்து.

இன்றைய ஒத்திகையில் பாட்டு ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. மாணவர் தாளக் கணக்கிற்கு ஆடுகின்றனரேயன்றிச் சொல்லின் பொருளுக்கு ஆடுவதில்லை. பல வாரங்கள் ஆடியும் பல்லவியின் பொருளறியாத மாணவர் உண்டு. தமிழாசிரியர் முதல் வாரத்தில் அப்பாட்டை அவர்களையே பாடச் செய்வாராயின், உச்சரிப்பும் சொற்பிரிப்பும் ஒத்திகையிலேயே திருத்தம் பெறும்.