தப்பிச் செல்லும் கனவும் திரும்பி வந்த கப்பலும்

பள்ளி அறிவியல் பாடத்தில் வரும் ஒரு பழைய சோதனையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எரியும் மெழுகுவத்தியை மணி ஜாடியால் மூடினால் சற்று நேரத்தில் அது அணைந்துவிடும். உள்ளே ஒரு சுண்டெலியை வைத்தால் அதற்கும் மூச்சு முட்டும். ஆனால் கூடவே ஒரு புதினாச் செடியையும் வைத்தால்? கெட்டுப்போன காற்றைச் செடி மீண்டும் நல்ல காற்றாக்கிவிடுகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் பிரீஸ்ட்லி 1770-களின் தொடக்கத்தில் செய்துகாட்டிய சோதனை இது.

இந்தச் சோதனையோடு ஒரு கேள்வியைச் சேர்த்துப் பாருங்கள். எலியும் செடியும் அந்த ஜாடிக்குள் எத்தனை நாள் வாழும்? ஒரு வாரமா, ஓர் ஆண்டா? எலியின் குட்டிகளும், அந்தக் குட்டிகளின் குட்டிகளும் வாழுமா? ஜாடியைப் பெரிதாக்கி, எலிக்குப் பதிலாக மனிதர்களை வைத்தால் என்ன ஆகும்?

இது விளையாட்டுக் கேள்வி அல்ல. பூமியை விட்டு வேறோர் உலகில் குடியேறும் கனவு முழுவதும் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையைத்தான் நம்பியிருக்கிறது. ராக்கெட் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதெல்லாம் அதற்கு அடுத்த கேள்விதான். விந்தை என்னவென்றால், இதை அஞ்சாமல் கேட்டவர்களில் விஞ்ஞானக் கதை எழுதியவர்களும் உண்டு. விண்வெளிக் கனவை வளர்த்தவை விஞ்ஞானக் கதைகள் என்பது நமக்குத் தெரியும். அந்தக் கனவை நிறுத்தி விசாரித்தவையும் அவையே. அப்படிப்பட்ட இரண்டு கதைகளை இங்கே பார்ப்போம்.

கனவு எங்கே தொடங்கியது?

ரஷ்யாவில் பள்ளி ஆசிரியராக இருந்த கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி, ராக்கெட்டின் இயக்கத்துக்கான சமன்பாட்டை 1903-ல் வெளியிட்டார். பூமியை அவர் ஒரு தொட்டிலுக்கு ஒப்பிட்டார். குழந்தை எப்போதும் தொட்டிலிலேயே கிடக்க முடியாது என்பது அவர் கருத்து. அழகான உவமைதான். 1974-ல் அமெரிக்க இயற்பியலாளர் ஜெரார்டு ஓநீல், விண்வெளியில் சுழலும் பெரும் உருளைகளுக்குள் வயல்களும் வீடுகளும் அமைக்கலாம் என்று எழுதினார். மறு ஆண்டு நாசா ஆதரவில் நடந்த ஆய்வொன்று, 10,000 பேர் வாழத்தக்க ஒரு வளைய நகரத்துக்குத் திட்டம் வரைந்தது. 2002-ல் தொடங்கப்பட்ட ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் செவ்வாயில் மனிதரைக் குடியேற்றுவதைத் தன் குறிக்கோளாக அறிவித்தது.

இந்தத் திட்டங்களுக்கெல்லாம் பொதுவான ஓர் எண்ணம் உண்டு. மனிதன் வாழ வேண்டிய சூழலை மனிதனே கட்டிக்கொள்ள முடியும் என்பதே அது. காற்று, நீர், உணவு, வெப்பம் ஆகிய நான்கையும் இயந்திரம் கொடுத்துவிட்டால் போதும், இருக்கும் இடம் எதுவானாலும் சரி என்று இது கருதுகிறது.

நின்றுபோன இயந்திரம்

இந்த எண்ணத்தின் மேல் முதலில் கை வைத்த கதைகளில் ஒன்று 1909-ல் வெளிவந்தது. ஆங்கில நாவலாசிரியர் இ. எம். பார்ஸ்டர் எழுதிய 'இயந்திரம் நிற்கிறது' என்பது அதன் பெயர். எச். ஜி. வெல்ஸ் தம் நூல்களில் படைத்த இன்ப உலகங்களுள் ஒன்றுக்கு மறுப்பாகவே இதை எழுதியதாகப் பார்ஸ்டர் பின்னாளில் குறிப்பிட்டார்.

கதையில் மனிதர்கள் நிலத்துக்கு அடியில், தேனடையின் அறைகளைப் போன்ற சிறு அறைகளில் தனித்தனியே வாழ்கிறார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் உணவு வரும், இன்னொன்றை அழுத்தினால் படுக்கை வரும். நண்பர்களின் முகத்தை ஒரு தட்டில் கண்டு பேசலாம். நேரில் சந்திப்பதே அநாகரிகம். வாஷ்டி என்ற தாய்க்கு இந்த வாழ்வில் ஒரு குறையும் இல்லை. அவள் மகன் கூனோவோ அனுமதியின்றி மேலே ஏறி, வெறுங்கண்ணால் குன்றுகளைப் பார்த்துவிட்டு வருகிறான். 'இயந்திரம் ஒரு நாள் நின்றுவிடும்' என்கிறான். அவளுக்கு அது புரியவில்லை.

கதையின் வலிமை அந்த இறுதி நாளில் இல்லை என்பது என் எண்ணம். அதற்கு முந்தைய மாதங்களில்தான் இருக்கிறது. இசையில் ஒரு கரகரப்பு கேட்கிறது. முறையிடுகிறார்கள், குழு கவனிக்கும் என்று பதில் வருகிறது. சில நாளில் கரகரப்பு பழகிவிடுகிறது. குளிக்கும் நீர் நாறுகிறது, அதுவும் பழகிவிடுகிறது. கடைசியில், பழுதுபார்க்கும் கருவியே பழுதாகிவிட்டது என்று தெரியவருகிறது. அதைப் பழுதுபார்க்க அறிந்தவர் ஒருவரும் இல்லை. ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் இயந்திரத்தின் ஒரு சிறு பகுதிதான் தெரியும். முழு அமைப்பையும் புரிந்துகொண்டவர்கள் மறைந்து நெடுங்காலம் ஆகிவிட்டது.

வானொலி ஒலிபரப்பே வராத காலத்தில் எழுதிய கதை இது. பார்ஸ்டர் பொறியாளர் அல்லர், இயந்திரத்தின் உள்ளமைப்பை அவர் விளக்கவும் இல்லை. ஆனால் நாம் கட்டிய ஒன்று நம்மைச் சுமக்கத் தொடங்கிவிட்டால், அதைக் கவனிக்கும் பழக்கத்தை நாம் எப்படி இழக்கிறோம் என்பதை அவர் துல்லியமாகக் கண்டார்.

நூற்றாறு ஆண்டுகளுக்குப் பின்

பார்ஸ்டர் விட்ட இடத்தை அறிவியல் கணக்கோடு நிரப்பிய நாவல், அமெரிக்க எழுத்தாளர் கிம் ஸ்டான்லி ராபின்சனின் 'அரோரா'. வெளிவந்த ஆண்டு 2015.

முதலில் தூரத்தைப் பாருங்கள். நாவலின் கப்பல் செல்வது டௌ செட்டி என்ற விண்மீனை நோக்கி. அது சுமார் 12 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. 1977-ல் ஏவப்பட்ட வாயேஜர்-1 நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அந்த வேகத்தில் போனால் டௌ செட்டியின் தொலைவைக் கடக்க 2 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ராபின்சன் தாராள மனத்தோடு தம் கப்பலுக்கு ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிடுகிறார். அப்படியும் பயணம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நீள்கிறது. புறப்பட்டவர்கள் வழியிலேயே இறக்க, அவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் போய்ச் சேர்கிறார்கள்.

கப்பலில் 2 வளையங்கள், அவற்றில் 24 பெரிய உருளைகள். ஒன்றில் மழைக்காடு, ஒன்றில் புல்வெளி, ஒன்றில் ஏரி என்று பூமியின் பலவகை நிலங்கள். சுமார் 2,000 மனிதர்கள். அதாவது, நம் மணி ஜாடிதான், மிக மிகப் பெரிதாக.

தலைமைப் பொறியாளர் தேவி என்ற பெண்மணி. அவளுக்கு உறக்கமே இல்லை. இயந்திரம் பழுதானால் பழுது பார்த்துவிடலாம், அவளை வாட்டுவது வேறு. பாஸ்பரஸ் குறைந்துகொண்டே வருகிறது. கப்பலை விட்டு ஓர் அணுகூட வெளியே போகவில்லை, பிறகு எங்கே போயிற்று? செடிகள் எடுத்துக்கொள்ள முடியாத சேர்மங்களாகி அங்கங்கே தங்கிவிட்டது. நம் எலும்பிலும், மரபுப் பொருளான டி.என்.ஏ.விலும் பாஸ்பரஸ் உண்டு. அது இல்லாமல் பயிர் இல்லை. பூமியிலும் இப்படி அது கடலடியில் போய்த் தங்குகிறது. ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகளில் கடல் தரை மலையாக உயர்கிறது, பாறை தேய்கிறது, பாஸ்பரஸ் மண்ணுக்குத் திரும்புகிறது. கப்பலில் மலை பிறக்க வழியில்லையே!

இன்னொரு தொல்லையும் உண்டு. கப்பலில் உள்ள உயிர்கள் எல்லாம் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. சாதகமான சூழலில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். மனிதருக்கு ஒரு தலைமுறை என்பது ஏறத்தாழ 25 ஆண்டு. மனிதர் ஏழு தலைமுறை காண்பதற்குள் நுண்ணுயிர்கள் பல லட்சம் தலைமுறைகளைக் கடந்து வேறாகிவிடுகின்றன. சிறு தீவுகளில் உயிரினங்கள் குன்றுவது போலவே கப்பலிலும் குன்றுகின்றன.

ஒருவழியாகப் போய்ச் சேர்கிறார்கள். அரோரா என்ற துணைக்கோளில் இறங்குகிறார்கள். நீரும் காற்றும் இருக்கின்றன. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இறங்கியவர்களைக் கொல்கிறது. நோய்க்கு அஞ்சி, கப்பலில் இருப்பவர்கள் திரும்பி வர முயலும் தம் மக்களையே கொல்லத் துணிகிறார்கள். கதையில் வரும் ஒருவன் எட்டும் முடிவு இது: உயிருள்ள உலகம் என்றால் அது நமக்கு நஞ்சாகலாம், உயிரற்ற உலகம் என்றால் அதை வாழத்தக்கதாக்குவதற்குள் நாம் அழிந்துவிடுவோம். பாதிப் பேர் அங்கேயே வேறிடம் தேட நிற்கிறார்கள். தேவியின் மகள் பிரேயாவும் மற்றவர்களும் கப்பலைப் பூமியை நோக்கித் திருப்புகிறார்கள்.

கற்பனைதானே என்பீர்களா?

அப்படிச் சொல்ல முடியாதபடி ஒரு சோதனை உண்மையிலேயே நடந்திருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் எஃகாலும் கண்ணாடியாலும் கட்டப்பட்ட 'பயோஸ்பியர்-2', சுமார் மூன்று ஏக்கர் பரப்புள்ள மூடிய உலகம். மழைக்காடு, சிறு கடல், வயல் எல்லாம் உள்ளே இருந்தன. 1991 செப்டம்பர் 26 அன்று 8 பேர் உள்ளே சென்று கதவை மூடிக்கொண்டனர். இரண்டு ஆண்டுகள் இருந்தனர்.

சில மாதங்களிலேயே பிராணவாயு குறையத் தொடங்கியது. காற்றில் 20.9 விழுக்காடு இருக்க வேண்டியது 16 மாதங்களில் சுமார் 14.5 விழுக்காடாயிற்று. ஏறத்தாழ 4,000 மீட்டர் உயர மலை மேல் இருப்பது போன்ற நிலை. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து பிராணவாயு செலுத்த வேண்டியதாயிற்று. காரணம் என்ன? வளமான மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் பிராணவாயுவை உண்டு கரியமில வாயுவை வெளியிட்டன. அந்தக் கரியமில வாயு செடிகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் பிராணவாயு திரும்பியிருக்கும். கட்டடத்தின் கான்கிரீட் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக் கால்சியம் கார்பனேட்டாக்கிவிட்டது. சுவரும் மூச்சு விடும் என்று திட்டமிட்டவர்கள் நினைக்கவில்லை! மகரந்தம் பரப்பும் பூச்சிகள் மடிந்தன, எறும்பும் கரப்பானும் பெருகின.

சோதனை வீண் என்று நான் சொல்லவில்லை. நமக்குத் தெரியாதது எது என்பதை அது காட்டிக்கொடுத்தது. 2000 நவம்பர் முதல் மனிதர் இடைவிடாது தங்கிவந்துள்ள பன்னாட்டு விண்வெளி நிலையத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்திய நீரில் 98 விழுக்காட்டை மீட்க முடியும் என்று 2023-ல் அங்கே காட்டினர். பெரிய சாதனை. ஆனால் உணவும் உதிரிப் பாகங்களும் பூமியிலிருந்தே செல்கின்றன. அந்த நிலையம் இருப்பது நம் தலைக்கு மேல் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில்தான்.

நாவலின் குறைகள்

'அரோரா' குறையற்ற நூல் அல்ல. திரும்பும் வழியில் பயிர்கள் பொய்த்து எல்லோரும் மடியும் வேளையில், மனிதரை நீண்ட உறக்கத்தில் ஆழ்த்தும் முறை பூமியிலிருந்து செய்தியாக வந்து காப்பாற்றுகிறது. ஆசிரியருக்குத் தேவைப்பட்டபோது வந்த வரம் இது. பிரேயாவைவிட, கதையைச் சொல்லும் கப்பலின் கணிப்பொறியே நம் மனத்தில் அதிகம் நிற்கிறது. எல்லாவற்றிலும் முக்கியமாக, ஒரு கதையில் ஒரு கப்பல் தோற்றதால் எல்லாக் கப்பல்களும் தோற்கும் என்று ஆகாது. தோல்விகளைத் தேர்ந்தெடுத்தவர் ஆசிரியரே.

ஆனால் இந்த ஆசிரியர் விண்வெளிப் பகைவர் அல்லர். 1992 முதல் 1996 வரை செவ்வாயைப் பசுமையாக்கும் கனவை மூன்று பெரிய நாவல்களாக எழுதியவர் இவர்தான். செவ்வாய் மண்ணில் பெர்க்குளோரேட் என்னும் நச்சு உப்பு இருப்பதை பீனிக்ஸ் கலம் கண்டது அதற்குப் பின், 2008-ல். தான் கட்டிய கனவைத் தானே மறுபரிசீலனை செய்யும் எழுத்தாளரை நாம் கூர்ந்து கேட்க வேண்டும்.

யாரைக் கேட்டார்கள்?

நாவலின் இறுதிப் பகுதியில் பிரேயா பூமிக்கு வந்து சேர்கிறாள். அங்கே ஒரு கூட்டத்தில், இன்னும் பல கப்பல்களை அனுப்பத்தான் போகிறோம் என்று ஒருவர் முழங்குகிறார். அவள் பாய்ந்து அவரை அடித்துவிடுகிறாள். முதலில் அதிர்ச்சியாக இருந்தது. எண்ணிப் பார்த்தால் அவள் கோபம் புரிகிறது. புறப்பட்டவர்கள் தாமே விரும்பிப் புறப்பட்டார்கள். வழியில் பிறந்த பிள்ளைகளை யார் கேட்டார்கள்? தாத்தாவின் கனவுக்காகப் பேத்தி சிறையில் பிறந்தாள். சியோல்கோவ்ஸ்கியின் தொட்டில் உவமை இங்கேதான் பிசகுகிறது. தொட்டிலை விட்டு இறங்கும் குழந்தைக்குக் காலடியில் வீடு இருக்கிறது. காற்றும் தாயும் அங்கே உண்டு. இந்தக் குழந்தைக்கு அப்படி எதுவும் இல்லை.

பிறகு பிரேயா, கடல் மட்டம் உயர்ந்து மூழ்கிப்போன கடற்கரைகளை மணல் கொட்டி மீண்டும் உருவாக்குபவர்களோடு சேர்கிறாள். திறந்த வானத்தைக் கண்டாலே நடுங்கியவள் கடல் அலையில் இறங்குகிறாள். இந்த இடத்தை மெதுவாகப் படியுங்கள்.

மாணவ நண்பர்களே, விண்வெளி ஆய்வு வேண்டாம் என்று இந்தக் கதைகள் சொல்லவில்லை. புயலை முன்னறிவதும் பனிமலை உருகுவதை அளப்பதும் செயற்கைக்கோள்களால்தான். அங்கே போய்வருவது வேறு, இங்கே கெடுத்துவிட்டு அங்கே போய்விடலாம் என்று நம்புவது வேறு. அடுத்த முறை ஒரு விண்வெளிக் கதையையோ குடியேற்றத் திட்டத்தையோ படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கெட்ட காற்று எங்கே போகிறது? பழுதானால் உதிரிப் பாகம் எங்கிருந்து வருகிறது? அங்கே பிறக்கப்போகும் குழந்தையை யார் கேட்டார்கள்? இவற்றுக்கு நேரான விடை சொல்லும் திட்டத்தை நாமும் வரவேற்போம். பார்ஸ்டரின் கதை சிறியது, ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவர் ஒரு மாலையில் முடித்துவிடலாம். அங்கிருந்து தொடங்குங்கள்.