பையில்லாமல் புறப்பட்டவர்கள்

ஏமி கார்மைக்கேல் அம்மையார் எழுதிய நூல்களுள் பணத்தைப் பற்றியது ஒன்று உண்டு. 'நார் ஸ்கிரிப்' என்று பெயர், 1922இல் வந்தது. பையும் காசும் இல்லாமல் புறப்படும்படி ஏசுநாதர் சீடர்களைப் பணித்தாரல்லவா, அதிலிருந்து எடுத்த தலைப்பு.

அயர்லாந்துக்காரரான அம்மையார் 1895இல் இந்தியாவுக்கு வந்தார். 1901 முதல் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் தங்கி, கோயிலுக்கு விடப்பட இருந்த பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்து, 1951இல் அங்கேயே காலமானார். யாரிடமும் கை நீட்டுவதில்லை, கடன் படுவதில்லை என்பது அவர் பூண்ட விரதம். தேவையை ஆண்டவனிடம் மட்டும் சொல்லுவார். பணம் வந்து சேரும். வந்து சேர்ந்த கதைதான் நூல்.

நான் விருதுநகர்க்காரன். எங்கள் ஊரில் பக்திக்கும் பேரேடு உண்டு. ஊருக்கு வரும் சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைப்பார்கள். வீடு வீடாகப் பிடி அரிசி வாங்கிப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலை அப்படி வளர்ந்ததுதான். மகமை கொடுக்கிறவன் கடவுளை நம்ப வேண்டியதில்லை, கணக்குப்பிள்ளையை நம்பினால் போதும். அந்தக் கண்ணோடு படித்தும், அம்மையாரின் வரவுப் பக்கத்தில் எனக்குச் சந்தேகம் எழவில்லை. கேட்பதில்லை என்று புத்தகம் போடுவதே ஒருவகைக் கேட்பதல்லவா என்று குறும்பர்கள் சொல்லலாம். (டோனாவூர் என்ற பெயரே, அங்கே கோயில் கட்டப் பணம் உதவிய டோனா என்ற பிரஷ்யப் பிரபுவின் பெயர்தான்!) அதை நான் பெரிதாக எண்ணவில்லை.

என் குறை வேறு. இந்நூலின் நாயகர் பெறுகிறவர். கொடுக்கிறவன் தலைகாட்டிவிட்டுப் போய்விடுகிறான். சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுத் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். மழை பெய்தால் மருந்து காயாது. காயாவிட்டால் கூலி இல்லை. அப்படிப்பட்ட வீட்டிலும் ஒருத்தி கூலியில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கைக்கென்று எடுத்து வைக்கிறாள். மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரரிடம் அவள் என்ன சொல்லுவாள்? பெறுகிறவரின் நம்பிக்கைக்கு, வந்து சேர்ந்த பணம் சாட்சி. கொடுக்கிறவளின் நம்பிக்கைக்குக் காலிப் பானைதான் சாட்சி. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தப் பக்கத்திலிருந்து பேசியவர் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா. இந்தியப் பணத்தைக் கொண்டே நடப்பதென்று 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது அதில் முன்னின்றவர். 1912இல் டோர்ணக்கல் அத்தியட்சரானார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அதுவே முதல் தடவை. அவருடைய சபையாரில் பெரும்பாலோர் தெலுங்கு நாட்டு ஏழைக் கூலிகள். 'கிறிஸ்டியன் கிவிங்' என்ற தம் சிறு நூலில் கொடுக்கிறவனை நோக்கியே பேசுகிறார். அதில் நடை அழகு தேடக் கூடாது. வேதபாடம் நடத்துகிற வாத்தியார் குரல். ஆனால் ஏழையும் கொடுக்க உரிமையுள்ளவன், அவன் வெறும் இரப்பாளியல்லன் என்ற மரியாதை அந்தக் குரலில் இருக்கிறது.

எழுத்தில் கைதேர்ந்தவர் அம்மையார்தான். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், நான் அசரியாவை எடுத்துக்கொள்ளுவேன்.