பட்டாவோடு நிற்கும் நியாயம்

சந்தையையும் தனிச்சொத்தையும் உயர்த்திப் பேசும் ஆஸ்திரியப் பொருளியலை முதலாளிகளுக்கான வக்காலத்து என்று ஒதுக்குவது நம்மிடையே வழக்கம். திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு அருகே மேல்மாவில் நடந்ததைப் பார்த்தபின் எனக்கு அப்படி ஒதுக்க மனம் வரவில்லை.

தொழிற்பேட்டைகளை அமைக்கும் அரசு நிறுவனமான சிப்காட்டின் விரிவாக்கத்துக்கு அங்கே 3,000 ஏக்கருக்கு மேல் எடுக்க அரசு முனைந்தது. எதிர்த்துப் போராடியவர்களில் 7 பேர் மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டம் பாய்ந்தது. கண்டனம் வலுத்ததும் 6 பேர் மீதானது விலக்கப்பட்டது. தனியார் கம்பெனிக்காக நிலம் எடுத்தால் 80 சதவீத ஒப்புதலும் சமூகத் தாக்க மதிப்பீடும் வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். ஆனால் தொழிற்பேட்டைகளுக்கு நிலமெடுக்கும் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தில் இரண்டும் கிடையாது.

பொருளாதார அறிவு ஊரெங்கும் சிதறிக் கிடக்கிறது, எந்தத் திட்ட அலுவலகமும் அதைத் திரட்டிவிட முடியாது என்று ஆஸ்திரியப் பொருளியலாளர் ஹயக் 1945இல் எழுதினார். எந்தக் கிணறு கோடையிலும் வற்றாது, எந்த வயல் மூன்று போகம் தாங்கும் என்பது உழுகிறவருக்குத் தெரியும். வழிகாட்டி மதிப்பில் அது ஏறாது. தரமாட்டேன் என்று அவர் மறுப்பதில்தான் அந்த அறிவு வெளிப்படுகிறது. மறுப்பைக் குற்றமாக்கினால், நிலத்தின் உண்மையான மதிப்பை அறியும் வழியை அரசே அடைத்துவிடுகிறது.

இந்தியாவிலும் இந்தக் குரல் ஒலித்தது. ஹயக்கிடம் லண்டனில் பாடம் கேட்ட பி.ஆர். ஷெனாய், 1955இல் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை ஆராய்ந்த பொருளியலாளர் குழுவில் தனியொருவராக மறுப்புக் குறிப்பு எழுதினார். 1959இல் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கியதற்குக் கூட்டுப்பண்ணை எதிர்ப்பு ஒரு முக்கியக் காரணம். உழவர் நிலத்தில் அரசு கைவைக்கும் என்ற ராஜாஜியின் அச்சம் வீண் அச்சமல்ல.

ஆனால் பட்டா இல்லாதவர்? அதே வயலில் நாற்று நட்டுக் கூலி வாங்கும் பெண்ணிடம் விற்கவும் மறுக்கவும் ஏதுமில்லை. நிலம் போனால் அவர் பிழைப்பும் போகும். 2013 சட்டம்கூடக் கூலித் தொழிலாளரைப் பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்கிறதே ஒழிய, அந்த 80 சதவீதத்தில் சேர்ப்பதில்லை. பலவந்தத்தால் வந்த உடைமை செல்லாது என்று இம்மரபின் முர்ரே ராத்பார்டே வாதிட்டிருக்கிறார். அதை நேர்மையாகப் பின்பற்றினால், சாதியின் பேரால் மறுக்கப்பட்ட நிலத்திலிருந்துதான் தமிழ்நாட்டில் தொடங்க வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இலேயே இதை அறிக்கையாக்கினார். தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் அதன் விளைவு. பெருநிலக்காரர்களையும் முன்னாள் மன்னர்களையும் துணைக்கு வைத்திருந்த சுதந்திராக் கட்சி, அந்தக் கேள்வியைத் தன் மையத்தில் வைக்கவில்லை.

மேல்மாவில் நிலத்தைப் பறிக்கக் கூடாது என்பதற்கு இந்தக் கோட்பாட்டைவிடக் கூர்மையான வாதத்தை நான் காணவில்லை. ஆனால் அந்த நிலத்தை நம்பி வாழும் எல்லோருக்காகவும் பேசும் தகுதி அதற்கு இல்லை. கூலியாளின் ஒப்புதலையும் கேட்கும் சட்டத்துக்கான நியாயத்தை அதற்கு வெளியேதான் தேடியாக வேண்டும்.