இரண்டு வரியில் முடிந்துபோகும் செய்தி

பெட்டிக்கடை வாசலில் தொங்கும் செய்தித்தாள் போஸ்டரைப் பார்க்காமல் வளர்ந்த தமிழர் குறைவு. பெரிய எழுத்தில் நான்கைந்து சொற்கள். மீதியை அறிய பேப்பரை வாங்க வேண்டும், இல்லையெனில் டீக்கடை பெஞ்சில் அது கைமாறி வரும்வரை காத்திருக்க வேண்டும். இன்று அந்த இடத்தைச் செல்போனில் வரும் நியூஸ் கார்டு பிடித்துவிட்டது: சேனலின் லோகோ, ஒரு முகம், இரண்டு வரி. போஸ்டர் வாசகரைச் செய்திக்குள் அழைத்தது. கார்டோ, செய்தியே இவ்வளவுதான் என்று நம்ப வைத்துவிடுகிறது.

இதை வாசகரின் சோம்பல் என்று ஒதுக்குவது அநியாயம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் டேட்டா விலை சரிந்தது. பேப்பர் வாங்காத வீடுகளுக்குள்ளும் செய்தி நுழைந்தது. கனமழை நேரத்தில், நாளை பள்ளி உண்டா, ஏரியைத் திறக்கிறார்களா என்றறிய மறுநாள் காலைவரை காத்திருக்க முடியாது. 1878இல் தொடங்கிய ‘தி இந்து’வே 2015 டிசம்பர் 2 அன்று, வெள்ளத்தைக் கடந்து பணியாளர்கள் அச்சகத்துக்குப் போக முடியாமல், சென்னையில் அச்சாகவில்லை. அத்தகைய நாட்களில் கார்டின் வேகம் பெரும் உதவி.

குறையும் அந்தச் சுருக்கத்தில்தான் இருக்கிறது. அரை மணி நேரப் பேட்டியில் ஒரு வாக்கியம் மட்டும் கார்டாகிறது. எந்தக் கேள்விக்கான பதில் அது என்பது உதிர்ந்துபோகிறது. தேதியைக் கவனிக்காமல் பகிர்ந்தால், போன ஆண்டின் மழை விடுமுறை இன்றைய அறிவிப்பாகிவிடுகிறது.

போலி தயாரிப்பதும் எளிது. லோகோவையும் எழுத்துருவையும் நகலெடுத்தால், தலைவர்கள் சொல்லாததையெல்லாம் சொன்னதாக்கிவிடலாம். தேர்தல் காலத்தில் இது பெருகுகிறது. தங்கள் பெயரில் உலவும் கார்டின் மீது ‘போலி’ என்று முத்திரையிட்டு மறுப்பு வெளியிடுவது சேனல்களுக்கு வாடிக்கையான வேலையாகிவிட்டது. குழந்தைக் கடத்தல் வதந்தியால் கொலைகள் நடந்தபின், 2018இல் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வேர்ட் செய்ய முடியாதபடி கட்டுப்படுத்தியது. அது பரவலுக்குப் போட்ட தடை. கையில் இருப்பது உண்மையா என்பதை அது சொல்லாது.

கார்டை ஒழிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கார்டிலும் தேதி, நேரம், ஊர், முழுச் செய்திக்கான க்யூஆர் கோடு ஆகியவற்றைச் சேர்ப்பது செய்தி நிறுவனங்களின் கடமை. தவறு நேர்ந்தால் ஓசையின்றி நீக்காமல், திருத்தத்தையும் கார்டாகவே அதே பக்கத்தில் வெளியிட வேண்டும். வாசகர்களும், வந்த கார்டு அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே குடும்ப குரூப்புக்கு அனுப்ப வேண்டும்.