எண்ணத் தெரிந்தவர்கள்

பொங்கலன்று காலை. முந்தின நாள் போகிப் புகை மயிலாப்பூர்த் தெருக்களில் இன்னும் தங்கியிருந்தது. கபாலி கோயில் தெப்பக்குளத்தின் கம்பி வேலியோரம் நாங்கள் நாலு பேர் நின்றிருந்தோம். “அந்த அஞ்சாவது படியைப் பாருங்க” என்றார் கூட வந்த பெரியவர். பார்த்தேன், படிதான் இருந்தது, பாசியும் இருந்தது. திடீரென்று படியிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து, வெள்ளை வெளேரென்று இறக்கை விரித்துக் குளத்தின் குறுக்கே போனது. மடையான். உட்கார்ந்திருந்தால் சேற்று நிறம், எழுந்தால் பால் நிறம். பெரியவர் நோட்டில் ‘மடையான் 1’ என்று எழுதினார். அதற்கு முன்பே அதில் ‘காகம் 23’ என்றிருந்தது.

“காக்காயையுமா சார் எழுதணும்?” என்று கல்லூரிப் பெண் ஒருத்தி கேட்டாள்.

“காக்காயைத்தாம்மா முதல்ல எழுதணும்.”

அந்தப் பதிலில்தான் பறவைகளை எண்ணும் கலையின் சூட்சுமம் முழுக்க இருக்கிறது. அரிய பறவையைப் பார்த்துவிட்டுக் குதிப்பது யாருக்கும் வரும். கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் ஒன்று விடாமல் எழுதுவதற்குத்தான் பயிற்சி வேண்டும். அப்படி எழுதிய பட்டியலில் ஒரு பெயர் இல்லையென்றால், அந்த இல்லாமைக்கும் பொருள் உண்டு. காகத்தை அலட்சியமாக விட்டவர் நாளைக்குக் காகம் குறைந்துவிட்டது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

சென்னையில் இந்தப் பழக்கத்துக்கு நல்ல வேர் உண்டு. மயிலாப்பூர்வாசியான மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996இல் மறையும் வரை ஓர் ஆங்கில நாளிதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே கவனம் அவருக்கு வீட்டுத் தோட்டத்துக் காகத்திடமும் இருந்தது. கிண்டி தேசியப் பூங்காவான அதே 1978இல்தான் சென்னை இயற்கையாளர் சங்கமும் தொடங்கியது. சங்கத்தின் இதழுக்குப் பெயர் ‘பிளாக்பக்’. கிண்டியில் மேயும் வெளிமான்தான் அது.

கணக்கெடுப்பில் முதல் பாடம் காதுக்கு. தி. நகரில் பனகல் பூங்காப் பக்கம் வெயில் ஏறியபின் நின்று கேளுங்கள். பாத்திரக் கடையில் யாரோ செம்பைத் தட்டுவதுபோல ‘டொக், டொக்’ என்று ஓயாமல் கேட்கும். செம்மார்புக் குக்குறுவான். தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிக் கூவுவதால் எந்தக் கிளையிலிருந்து சத்தம் வருகிறது என்று பிடிபடாது. கைப்பிடி அளவுப் பறவை, ஒரு கடைத்தெருவையே ஏமாற்றும்.

இரண்டாவது பாடம் கண்ணுக்கு. அடையாறு முகத்துவாரத்தில் ஆலாக்களும் கடற்காகங்களும் கூட்டமாக எழும்பும்போது ஒவ்வொன்றாக எண்ண நேரம் ஏது? முதலில் பத்தை எண்ணுவார்கள். அந்தப் பத்து வானத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனத்தில் வாங்கிக்கொள்வார்கள். பிறகு அதையே படியாக வைத்து, நெல் அளப்பதுபோல் கூட்டம் முழுவதையும் அளந்துவிடுவார்கள்.

மூன்றாவது நேர்மை. பெரியவரின் நோட்டில் ‘கதிர்க்குருவி, எது என்று தெரியவில்லை, 1’ என்றொரு வரி இருந்தது. ஐம்பது சரியான பெயர்களைவிட அந்த வரிதான் எனக்கு அவர்மேல் மரியாதையைக் கூட்டியது.

ஆறுமணிக்குருவிக்காகக் காத்திருப்பது தனிச் சுகம். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, தென்மேற்குப் பருவமழை முடியும் சமயத்தில் இரவோடு இரவாகத் தெற்கே வரும். களைத்துப்போய் நம் வீட்டுக் கொல்லையில் விழுந்து கிடப்பதும் உண்டு. பிரம்மஞான சபைத் தோட்டத்தின் சருகுக்குள் அந்தி மங்கும் நேரம் இரண்டு சீழ்க்கை கேட்டால் அதுதான். பச்சை முதுகு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. தரையில் தத்தித் தத்திச் சருகைப் புரட்டும். அதைக் கண்ட இடமும் நாளும் நோட்டில் ஏறும். 2016 வர்தா புயல் இந்த நகரத்து மரங்களைச் சாய்த்ததற்கு முன்னும் பின்னும் இப்படி ஒரே இடத்தில், ஒரே பருவத்தில் எழுதிய குறிப்புகள் இருந்தால்தான், எது திரும்பி வந்தது, எது வரவில்லை என்று பேச முடியும்.

எண்ணிக்கை காப்பாற்றவும் செய்யும். பள்ளிக்கரணைக் கழுவேலியை நகரம் நெடுங்காலம் குப்பை கொட்டும் பள்ளமாகத்தான் பார்த்தது. அங்கே பூநாரையும் நாமக்கோழியும் நீலத் தாழைக்கோழியும் இருக்கின்றன என்று ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்தவர்கள் பறவை நோக்கர்கள். 2007இல் அதன் ஒரு பகுதி காப்புக்காடானது. 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம் பெற்றது. ராம்சர் அளவுகோல்களில் ஒன்று, 20,000 நீர்ப்பறவைகள் வழக்கமாகத் தங்குகின்றனவா என்பது. கவிதை பாடி இதை நிரூபிக்க முடியாது.

கணக்கு நம் நம்பிக்கைகளையும் திருத்தும். செல்போன் கோபுரத்தால் சிட்டுக்குருவி அழிந்துவிட்டது என்று சொல்லாதவர் இல்லை. நாடெங்கும் ஆர்வலர்கள் அனுப்பிய பட்டியல்களைத் தொகுத்து 2020இல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, பெருநகரங்களில் சிட்டுக்குருவி குறைந்திருக்கிறது, நாடு முழுவதுமாகப் பார்த்தால் நிலையாகவே இருக்கிறது என்றது. நம் தெருவில் காணாமல் போனதற்கு நம் தெருவில்தான் காரணம் தேட வேண்டும்.

தமிழில் ‘எண்ணு’ என்றால் கணக்கிடு; நினை என்றும் பொருள். பறவை நோக்கர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் செய்கிறார்கள்.

2015 முதல் பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில் தமிழ்நாடெங்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. தொலைநோக்கி கட்டாயமில்லை. மொட்டைமாடியில் பதினைந்து நிமிடம் நின்றால் போதும். வரும் பொங்கலுக்குப் பானையை இறக்கிவிட்டு மேலே ஏறுங்கள். காக்காயிலிருந்து தொடங்குங்கள்.