விட்டுப்போன ‘நான்’

இரைச்சலைப் பற்றி எழுதக் கதை எழுதுகிறவனுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நான் சொல்லப்போகும் பாட்டுகளை ஒலியைவிடச் சொல்லுக்காகவே கவனித்தேன். ஒரு சின்னச் சொல் விட்டுப்போனால் என்னவெல்லாம் நேரும் என்பது கதை எழுதுகிறவன் யோசிக்க வேண்டிய சங்கதிதான்.

அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் 1979-ல் பள்ளிக்கூடத்துப் பையன்கள் நால்வர் சேர்ந்து ஒரு வாத்தியக் குழு அமைத்தார்கள். டீன் ஐடில்ஸ் என்று பெயர். இயன் மக்கேய் பாஸ் கிடார் வாசித்தார். ஜெஃப் நெல்சன் டிரம்ஸ் கொட்டினார். நியூயார்க்கிலும் லண்டனிலும் பங்க் என்ற முரட்டுச் சங்கீதம் அதற்குள் பழசாகத் தொடங்கியிருந்தது. இந்தப் பையன்கள் அதை இன்னும் வேகமாக்கி, இன்னும் சுருக்கி, அலங்காரங்களை உதறிவிட்டுப் பாடினார்கள். இந்த ரகத்துக்குத்தான் ஹார்ட்கோர் என்று பெயர் வந்தது.

கச்சேரிகளில் கிடைத்த பணத்தை அவர்கள் பங்கு போட்டுக்கொள்ளவில்லை. ஒரு சுருட்டுப் பெட்டியில் போட்டு வைத்தார்கள். 1980 கடைசியில் குழு கலைந்தபோது பெட்டியில் சுமார் 600 டாலர் இருந்தது. ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல், கலைந்துபோன குழுவின் ஞாபகமாக எட்டுப் பாட்டுகள் கொண்ட ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். அதற்காகவே டிஸ்கார்ட் என்ற கம்பெனி பிறந்தது. முதலில் போட்டது 1000 தட்டுகள். உறைகளைக் கத்தரிக்கோலால் வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டியவர்கள் அவர்களும் நண்பர்களுமே.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே மனம் நெகிழ்ந்து நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதில் திருப்தி இல்லை. பசை தடவிய கை நல்ல கை என்பதால் பாட்டு நல்ல பாட்டாகிவிடாது. பாட்டைப் பாட்டாகத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து அமைந்த குழு மைனர் த்ரெட். மக்கேய் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுப் பாடகரானார். டிரம்ஸுக்கு அதே நெல்சன். லைல் பிரெஸ்லர் கிடார், பிரையன் பேக்கர் பாஸ். 1981-ல் வந்த அவர்களுடைய முதல் தட்டிலும் எட்டுப் பாட்டுகள். எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷம்கூட இல்லை. கச்சேரிக்குப் பழகிய நம் காதுக்கு, ஆலாபனை தொடங்குமுன்பே மங்களம் பாடிவிட்டதுபோல் இருக்கும். ஆனால் இரண்டாம் தடவை கேட்டால் ஒன்று புரியும். நால்வரும் ஒரே தட்டில் தொடங்குகிறார்கள். ஒரே தட்டில் நிற்கிறார்கள். தெரியாதவர்களின் இரைச்சலில் இந்த ஒழுங்கு வராது. இந்த வேகத்தை அவர்கள் கற்றதே அதே ஊரின் பேட் பிரெய்ன்ஸ் என்ற கறுப்பர் குழுவிடம். அந்த நால்வரோ ஜாஸ் கலந்த சங்கீதத்தில் கை பழகிய பிறகு பங்க்குக்கு வந்தவர்கள். ‘வாசிக்கத் தெரியாதவனும் குழு அமைக்கலாம்’ என்பது பாதி உண்மை. அமைக்கலாம், பிறகு பழக வேண்டும்.

முதல் தட்டில் ‘ஸ்டிரெய்ட் எட்ஜ்’ என்று ஒரு பாட்டு. ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். மதுவும் போதை மருந்தும் தனக்கு வேண்டாம் என்று ஓர் இளைஞன் சொல்கிறான், அவ்வளவுதான். சுற்றியிருந்தவர்கள் மயங்கிக் கிடப்பதையே கலகம் என்று எண்ணிய காலத்தில், தெளிவாக இருப்பதும் கலகம்தான் என்றான். சங்கற்பத்துக்கு நீளம் தேவையில்லை. பாட்டின் குறுக்கமே அதன் பலம்.

அதே 1981-ல் வந்த இரண்டாம் தட்டில் ‘அவுட் ஆஃப் ஸ்டெப்’ என்ற பாட்டிலும் விஷயம் ஏறக்குறைய இதுதான். ஆனால் வேகத்தில் ‘நான்’ என்ற சொல் விட்டுப்போயிற்று. தமிழில் இது பெரிய குற்றமில்லை. ‘குடிக்கமாட்டேன்’ என்றால் வினையின் வாலே ஆளைக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. ‘நான்’ போய்விட்டால் ‘குடிப்பதில்லை’ என்பதும் ‘குடிக்காதே’ என்பதும் ஒரே வாக்கியம். தன்னைப் பற்றிச் சொன்னது ஊருக்கு இட்ட உத்தரவாகக் கேட்டது.

இதைக் கண்டுபிடித்து ஆட்சேபித்தவர் எந்த விமரிசகரும் அல்ல, பக்கத்தில் டிரம்ஸ் கொட்டிய நெல்சன். ‘நான்’ இருக்கத்தான் வேண்டும் என்று அவர் வாதாடினார். அது தொக்கி நிற்கிறதே என்றார் மக்கேய். 1983-ல் அதே பாட்டை மறுபடி பதிவு செய்தபோது, இது யாருக்கும் விதி அல்ல என்று நடுவில் மக்கேய் பேச்சாகவே சொல்ல நேர்ந்தது. கலை என்ற அளவில் அது ஒட்டுப்போட்ட துணிதான். ஆனாலும் எனக்கு அந்த ஒட்டு பிடித்திருக்கிறது. நண்பர்கள் சேர்ந்து ஒரு காரியம் செய்வதன் பலன் வேறென்ன? தட்டிக்கொடுக்க யாரும் கிடைப்பார்கள். ‘இந்தச் சொல் சரியில்லை’ என்று சொல்லச் சிநேகிதன் வேண்டும்.

ஒட்டு காலம் கடந்து வந்தது. அந்தப் பாட்டின் பெயரிலேயே ஸ்டிரெய்ட் எட்ஜ் என்றொரு இயக்கம் கிளம்பிவிட்டது. பல ஊர்களில் இளைஞர்கள் அதைத் தங்கள் ஒழுக்கமாக ஏற்றார்கள். சில இடங்களில் அடுத்தவன் கையிலிருந்த கோப்பையைத் தட்டிவிடவும் துணிந்தார்கள். அந்த இரண்டாம் தட்டிலேயே இதைவிட மோசமான உதாரணம் உண்டு: ‘கில்ட்டி ஆஃப் பீயிங் ஒயிட்’. கறுப்புப் பிள்ளைகள் அதிகமாகப் படித்த பள்ளிக்கூடத்தில் வெள்ளைப் பையனாக இருந்த அனுபவம் அதன் பொருள். இனவெறிக்கு எதிராகவே எழுதியதாக மக்கேய் சொல்லியிருக்கிறார்; நான் நம்புகிறேன். ஆனால் பாட்டுடன் பாடகர் கூடவே போய் விளக்கம் சொல்ல முடியாது. இனவெறியர்களுக்கு அது தங்கள் பாட்டாகவே கேட்டது. நூற்றாண்டுகளின் அடிமைச் சரித்திரத்தை ஒரு நிமிஷத்தில் தாண்டிவிட முடியுமா? சங்கற்பத்துக்குப் பொருந்திய குறுக்கம் சரித்திரத்துக்குப் பொருந்தவில்லை. என் அபிப்பிராயத்தில் அது தோற்றுப்போன பாட்டு.

1983-ல் மைனர் த்ரெட்டும் கலைந்தது. கடைசியாகப் பதிவு செய்த ‘சாலட் டேஸ்’ 1985-ல் வெளிவந்தது. அதில் அவசரம் குறைந்திருக்கிறது. போன நாட்கள் உண்மையிலேயே அவ்வளவு உயர்ந்தவையா என்று பாடகர் தம்மையே கேட்டுக்கொள்கிறார். சங்கற்பம் சொன்ன வாய் சந்தேகம் சொல்லக் கற்றுக்கொண்டது. அவர்கள் பாட்டுகளில் இதற்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

டிஸ்கார்ட் கம்பெனி இன்றும் நடக்கிறது. குழுக்களுடன் ஒப்பந்தப் பத்திரம் எழுதிக்கொள்ளாமல், வாய்ச்சொல்லை நம்பியே நடத்தினார்கள். வாய்ச்சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு வைத்தவர்கள் பாட்டில் ஒரு சொல்லை விட்டதற்கு இத்தனை விலை கொடுத்தார்கள். இளமையின் வேகத்தைக் குறைத்துக்கொள் என்று யாருக்கும் நான் சொல்லமாட்டேன். ஓடுகிறபோது ‘நான்’ என்ற சொல்லை மட்டும் வழியில் போட்டுவிடாமல் இருந்தால் போதும். சில சமயம் அகங்காரமில்லாத சொல் அதுதான்.